கலுங்கில் வழிந்துபோன கட்டுரைகள்: ஒரு சிற்றிதழ்த் தளத்தைத் திரட்டிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

2023 ஆடியில், திருநகரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் ஒரு வேலையோடு என்னிடம் வந்தார். மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்களைப் பற்றித் தமிழில் வந்த கட்டுரைகளைத் திரட்டி, ஊர்வாரியாக அடுக்கி ஒரு தொகுப்பு செய்ய அவரும் அவருடைய தோழியர் இருவரும் முடிவெடுத்திருந்தார்கள். மாடக்குளம், வண்டியூர், கொட்டாம்பட்டி, திருமங்கலம், உசிலம்பட்டி என்று ஊர்ப் பட்டியல் ஒன்று கையில் வைத்திருந்தார். அதன் பின்பக்கம் மடை, கலுங்கு (கண்மாய் நிறைந்தால் மிகைநீர் வழியும் இடம்), மறுகால், வரத்துக்கால், குடிமராமத்து என்று தேட வேண்டிய சொற்களின் பட்டியல்.

அவர்களுக்கு வேண்டிய கட்டுரைகளில் பெரும்பகுதி மூன்று தளங்களில் இருந்தது. முக்கியமானது, மதுரையிலிருந்து 2003 முதல் 2016 வரை வெளிவந்து நின்றுபோன ஒரு சிற்றிதழின் தளம். இதழ் நின்ற பிறகும் அதன் ஆசிரியர் கைக்காசு போட்டு அதை இணையத்தில் வைத்திருந்தார். டீச்சர் ஒரு வருடமாக ஒவ்வொரு கட்டுரையாகத் திறந்து, காப்பி எடுத்து, வேர்டில் ஒட்டி வந்திருக்கிறார். 90 கட்டுரை சேர்ந்திருந்தது. கண்புரை அறுவைக்குப் பிறகு அவரால் தொடர முடியவில்லை.

நான் மதுரையில் சின்ன அளவில் தரவு வேலை செய்கிறவன். பைத்தானில் எழுதப்பட்ட ஸ்க்ரேப்பி என்ற கருவியைச் சில வருடங்களாகப் பயன்படுத்துகிறேன். ஒரு பக்கத்தைக் கொடுத்தால் அதிலுள்ள லிங்க்குகளைப் பிடித்து அடுத்தடுத்த பக்கங்களுக்குப் போய், நாம் சொல்லும் பகுதியை மட்டும் எடுத்து வைக்கும் கருவி அது. கடைகளின் விலைப் பட்டியல், ஏலச் செய்தி போன்றவற்றை அதில் எடுத்துப் பழக்கம். ஒரு இதழின் 14 வருடக் கட்டுரைகளை எடுப்பது அதுதான் முதல் தடவை. இரண்டு நாள் வேலை என்று டீச்சரிடம் சொன்னேன். ஏழு வாரம் ஆனது.

இதே மாதிரி வேலையை எடுக்கிறவர்களுக்காக நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்களின் விருப்பப்படி பெயர்களை விட்டிருக்கிறேன். எண்கள் என் வேலைக் குறிப்பிலிருந்து எடுத்தவை.

முதல் இரவு

தளத்தின் முகப்பை மட்டும் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். மேலே ஒன்பது பகுதிகள்: நீர், வேளாண்மை, கதை, கவிதை, நாட்டார் வழக்காறு என்று போகும். பக்கவாட்டில் ‘அதிகம் படிக்கப்பட்டவை’ என்று ஒரு பட்டை. அதற்குக் கீழே ஒரு சின்ன நாட்காட்டி. தளத்துக்குள் இருக்கும் எல்லா லிங்க்கையும் பின்தொடரு, எச்1 என்று குறியிட்ட முதன்மைத் தலைப்பும் அதன் கீழே பத்திகளும் இருந்தால் எடுத்து வை என்று கருவியிடம் சொல்லிவிட்டு, இரவு 10 மணிக்கு ஓடவிட்டுத் தூங்கப் போனேன்.

ஸ்க்ரேப்பியில் எத்தனை அடுக்கு ஆழம் போகலாம் என்று கட்டுப்படுத்த ‘டெப்த் லிமிட்’ என்று ஒரு அமைப்பு உண்டு. நாமாக எதுவும் போடாவிட்டால் அதன் மதிப்பு 0. இங்கே 0 என்றால் எல்லையே இல்லை என்று பொருள். அதேபோல், நான் வைத்திருந்த பதிப்பில் இயல்பாகவே ஒரு தளத்துக்கு ஒரே நேரத்தில் 8 கோரிக்கை (பக்கத்தைக் கேட்கும் அழைப்பு) வரை போகும். ஒரு கோரிக்கைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 0 நொடி. இரண்டும் எனக்குத் தெரிந்த விஷயங்கள்தான். இரண்டையும் மாற்றாமல் விட்டேன்.

காலை 7 மணிக்குத் திரையைப் பார்த்தபோது கருவி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியாகத் திறந்திருந்த பக்கத்தின் முகவரியில் 2124 என்று இருந்தது. அந்த நாட்காட்டியில் ‘அடுத்த மாதம்’ என்று ஒரு லிங்க். ஒவ்வொரு மாதத்திலும் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு லிங்க். தேதியைத் தொட்டால் ‘பதிவுகள் இல்லை’ என்று ஒரு வெற்றுப் பக்கம். நாட்காட்டிக்கு முடிவு கிடையாது. அடுத்த மாதம் என்று கேட்கக் கேட்க அது தயாரித்துக் கொடுக்கும். கடைசியாகக் கண்ட லிங்க்கை முதலில் திறப்பது ஸ்க்ரேப்பியின் இயல்பு என்பதால், கட்டுரைகளை விட்டுவிட்டு மாதம் மாதமாக நூறு வருடம் தாண்டிப் போயிருந்தது. 41,000-க்கு மேல் கோரிக்கை போயிருந்தது. அதில் சுமார் 38,000 வெற்றுத் தேதிகள்.

நான் நிறுத்தி அரை மணி நேரத்தில் டீச்சரிடமிருந்து போன் வந்தது. இதழாசிரியர் அவருக்குத் தெரிந்தவர். சிறிய ஹோஸ்டிங் திட்டத்தில் இருந்த அவருடைய தளம் அதிகாலையில் படுத்துவிட்டது. யாரோ தளத்தைத் தாக்குகிறார்கள் என்று பயந்து அவர் நண்பர்களுக்கெல்லாம் போன் போட்டிருக்கிறார். டீச்சருக்கு உடனே புரிந்துவிட்டது. “தம்பி, அது நாமதானா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அன்று மாலையே பசுமலையில் இதழாசிரியர் வீட்டுக்குப் போய் நேரில் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “கேட்டிருந்தா நானே வழி காட்டிருப்பேனேப்பா” என்று மட்டும் சொன்னார்.

இந்த இடத்தில் சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒரு தளத்துக்குள் தானியங்கிக் கருவிகள் எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்று அதன் உரிமையாளர் எழுதிவைக்கும் ‘ரோபாட்ஸ்’ ஃபைல் முறையை 1994-ல் மார்ட்டின் கோஸ்டர் முன்வைத்தார். 2022-ல் அது ஆர்எஃப்சி என்ற இணைய ஆவண வரிசையில் 9309 என்ற எண்ணில் முறையான தர ஆவணமானது. இந்தத் தளத்தில் அந்த ஃபைலே இல்லை. அது இல்லாததை நான் அனுமதியாக எடுத்துக்கொண்டேன். ஆனால் நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, ஒரு கணினியின் பொறுப்பாளர் அனுமதியில்லாமல் அதிலிருந்து தரவை எடுப்பதையும், அதன் இயக்கத்தைக் குலைப்பதையும் இழப்பீட்டுக்கு உரிய செயலாகச் சொல்கிறது. கட்டுரைகளின் உரிமையோ எழுத்தாளருடையது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அவர் இறந்த பிறகும் 60 வருடம் அது தொடரும். ஆய்வுக்காக எடுத்துப் படிப்பது ஒன்று, தொகுப்பாக அச்சிடுவது வேறொன்று. எடுப்பதற்கு இதழாசிரியரிடமும், அச்சிடுவதற்கு ஒவ்வொரு எழுத்தாளரிடமும் எழுத்தில் அனுமதி வாங்குவது என்று அன்றைக்கே முடிவு செய்தோம்.

அவசரமாகப் போட்ட எல்லை

நாட்காட்டிக் குழியில் மறுபடி விழக் கூடாது என்று ஆழ எல்லையை 6 என்று வைத்தேன். முகப்பிலிருந்து பகுதி, பகுதியிலிருந்து கட்டுரை. இரண்டே அடுக்குதானே, 6 தாராளம் என்று நினைத்தேன். வேகத்தைக் குறைத்து இரவில் ஓடவிட்டேன். காலையில் 3,912 ஃபைல்கள். ஒரே கட்டுரையின் அச்சுப் பிரதி, பட்டியல் பக்கம், எழுத்தாளர் பக்கம், கொஞ்சம் நாட்காட்டி என்று எல்லாம் கலந்து கிடந்தன. அவற்றைக் கழித்தால் 871 கட்டுரைகள்.

சரிபார்க்க வேண்டுமே என்று டீச்சரிடம் பத்துத் தலைப்புகள் கேட்டு வாங்கினேன். பழையவையும் புதியவையும் கலந்து கொடுத்தார். பத்தும் இருந்தன. வேலை முடிந்ததென்றே நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து அவர் கேட்டார்: “2003, 2004-ல மழையே இல்ல. ஊர் ஊரா கண்மாய் வறண்டு கெடந்துச்சு. இதழ்ல மாசம் தவறாம எழுதுனாங்க. அதெல்லாம் எங்கப்பா?”

எடுத்த கட்டுரைகளை வருடவாரியாக எண்ணிப் பார்த்தேன். 2016-க்கு 118, 2015-க்கு 124 என்று இருந்த எண்ணிக்கை, பின்னோக்கிப் போகப் போகச் சரிந்து, 2004-க்கு வரும்போது 11 ஆகிவிட்டது.

காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், பல அடுக்குத் தளங்களில் இந்த இழப்பு கண்ணுக்கே தெரியாது. ஒவ்வொரு பகுதியிலும் கட்டுரைகள் பக்கத்துக்கு 15 வீதம் பட்டியலிடப்பட்டிருந்தன, புதியது மேலே. பட்டியலின் அடியில் ‘முந்தையவை’ என்று ஒரு லிங்க். அதைத் தொட்டால் அடுத்த 15. மனிதக் கண்ணுக்கு அது பக்கவாட்டில் நகர்வது. நாம் இன்னும் அதே ‘நீர்’ பகுதியில்தான் இருக்கிறோம். கருவியின் கணக்கு வேறு. அது லிங்க்குகளைத்தான் எண்ணுகிறது. முகப்பு 0, பட்டியலின் முதல் பக்கம் 1, இரண்டாம் பக்கம் 2, ஐந்தாம் பக்கம் 5. ஐந்தாம் பக்கத்திலுள்ள கட்டுரை 6. ஆறாம் பட்டியல் பக்கத்தையும் திறந்தது. ஆனால் அதிலிருந்த கட்டுரைகளின் ஆழம் 7 என்பதால் அவற்றை விட்டுவிட்டது. ஆக, ஒரு பகுதிக்கு 75 கட்டுரை. ஒன்பது பகுதிக்கு 675. அதற்கு முந்தியவை எல்லாம் எல்லைக்கு வெளியே நின்றுவிட்டன. எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. நாம் சொன்னதைத்தான் கருவி செய்தது.

அப்படியானால் மீதி 196 எப்படி வந்தது? ‘அதிகம் படிக்கப்பட்டவை’ பட்டையும், ‘இதே எழுத்தாளரின் பிற கட்டுரைகள்’ லிங்க்கும் கொண்டுவந்து சேர்த்தவை. டீச்சர் கொடுத்த பத்துத் தலைப்பில் பழையவை ஏன் தவறாமல் கிடைத்தன என்பதும் அப்போதுதான் விளங்கியது. அவருக்கு நினைவில் நின்றவை எல்லாரும் படித்தவை. எல்லாரும் படித்தவை பக்கவாட்டுப் பட்டையில் இருந்தன. யாரும் அதிகம் படிக்காத, எழுதியவரைத் தவிர யாருக்கும் நினைவில் இல்லாத கட்டுரைகள்தான் விடுபட்டிருந்தன. தொகுப்புக்கு அவைதான் முக்கியம். நினைவிலிருந்து பத்தைச் சொல்லிச் சரிபார்ப்பது சோதனையே ஆகாது என்பதை நான் இங்கே கற்றுக்கொண்டேன்.

தாளில் போட்ட படம்

மறுபடி பசுமலைக்குப் போனேன். இந்த முறை லேப்டாப்பைத் திறக்கவில்லை. இதழாசிரியர் ஒரு கணக்கு நோட்டின் நடுப்பக்கத்தைப் பிரித்து, தளம் எப்படிக் கட்டப்பட்டது என்று பேனாவால் வரைந்து காட்டினார். தளத்தைக் கட்டிக் கொடுத்தது அவருடைய மருமகன். முகப்பின் மேல் ஓரத்தில் ‘ஆண்டு’ என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது, அதைத் தொட்டால் 2003 முதல் 2016 வரை கீழே விரியும் என்று காட்டினார். நான் அதைக் கவனித்ததே இல்லை. வருடத்தைத் தேர்ந்தால் அந்த வருடத்து இதழ்கள், இதழைத் தொட்டால் அதன் உள்ளடக்கம், அதிலிருந்து கட்டுரை. அச்சிதழின் அமைப்பு அப்படியே. விரிபெட்டியில் இருப்பவை வழக்கமான லிங்க்குகள் அல்ல, தேர்ந்தெடுத்தால் இயங்கும் ஸ்க்ரிப்ட். அதனால் கருவியின் கண்ணிலும் அவை படவில்லை.

14 வருடம், 161 இதழ். சில மாதங்கள் இரட்டை இதழாக வந்ததால் 168 இல்லை. உள்ளடக்கங்களைக் கூட்டினால் 1,386 கட்டுரைகள். இந்த எண் கையில் வந்த பிறகுதான் வேலைக்கு ஒரு கரை கிடைத்தது.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு அமைப்பை முழுக்க மாற்றினேன். பக்கங்களை இரண்டு வகையாகப் பிரித்தேன். வருடப் பக்கமும் இதழின் உள்ளடக்கப் பக்கமும் வழிப் பக்கங்கள்: அவற்றில் நுழைந்து லிங்க் எடுக்கலாம், சேமிக்கக் கூடாது. கட்டுரைப் பக்கத்தைச் சேமிக்க வேண்டும், ஆனால் அதிலுள்ள எந்த லிங்க்கையும் பின்தொடரக் கூடாது. பக்கவாட்டுப் பட்டை, நாட்காட்டி, எழுத்தாளர் பக்கம் எதிலும் கால் வைக்க வேண்டியதில்லை. முகவரியின் வடிவமே வகையைக் காட்டிக்கொடுத்தது: வருடம் மட்டும் இருந்தால் வருடப் பக்கம், வருடமும் மாதமும் இருந்தால் உள்ளடக்கம், அதற்குப் பிறகு ஒரு எண்ணும் இருந்தால் கட்டுரை. ஸ்க்ரேப்பியின் விதிகளில் இதை மூன்று வரியில் எழுதிவிடலாம். ஆழ எல்லையை எடுத்தே விட்டேன். எங்கே போகலாம் என்று முகவரி வடிவம் தெளிவாகச் சொல்லும்போது, எத்தனை அடி போகலாம் என்ற கேள்வி எழவில்லை.

வருடப் பக்கங்கள் 14-ன் முகவரியையும் தொடக்கப் புள்ளிகளாக நானே கையால் எழுதிக் கொடுத்தேன். ஒரே நேரத்தில் ஒரு கோரிக்கை, 5 நொடி இடைவெளி, இரவு 11 மணிக்குப் பிறகு. கருவியின் அடையாளத்தில் என் போன் நம்பரையும் சேர்த்தேன், ஏதாவது ஆனால் அவர் என்னைக் கூப்பிடட்டும் என்று. 14 வருடப் பக்கம், 161 உள்ளடக்கம், 1,386 கட்டுரை: மொத்தம் 1,561 பக்கம். 5 நொடிக்கு ஒன்று என்றால் 2 மணி 10 நிமிடம். முதல் நாள் ராத்திரி முழுக்க அவருடைய சர்வரை அடித்து எடுக்க முடியாததற்கு, நிதானமாகப் போனால் ஒரு சினிமா பார்க்கும் நேரம்தான் தேவைப்பட்டது.

மூலத்தை அப்படியே வைத்தது

இந்த ஓட்டத்தில் எடுத்த இன்னொரு முடிவு, பக்கத்திலிருந்து கட்டுரையைப் பிரித்தெடுப்பதை உடனே செய்யாமல், சர்வர் அனுப்பிய பக்கத்தை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் முதலில் வட்டில் வைத்துக்கொள்வது. பிரிப்பது தனி வேலை, பிறகு. விதி தப்பாக இருந்தால் திருத்தித் திரும்பப் பிரித்துக்கொள்ளலாம். தளத்தை மறுபடி தொந்தரவு செய்ய வேண்டாம்.

இதற்கு இன்னொரு கட்டாயக் காரணமும் இருந்தது. 2003 முதல் 2007 வரையிலான இதழ்கள் யூனிகோடுக்கு மாறாத காலத்தவை. டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியேற்றத்தில் (எழுத்துகளை எண்களாகக் கணினியில் வைக்கும் முறை) இருந்தன. அந்தக் காலத்தில் தமிழ் படித்தவர்களுக்கு நினைவிருக்கும், எழுத்துருவை முதலில் இறக்கிக்கொள்ளாமல் பக்கத்தைத் திறந்தால் கிறுக்கலாகத்தான் தெரியும். அந்தப் பக்கங்கள் தங்களை லத்தீன் எழுத்துப் பக்கம் என்று அறிவித்துக்கொள்கின்றன. கருவியும் அதை நம்பி, விண்டோஸ்-1252 என்ற லத்தீன் எழுத்து அட்டவணைப்படி படிக்கிறது. அந்த அட்டவணையில் 5 இடங்கள் காலி. அங்கே உட்கார்ந்திருக்கும் டிஸ்கி எழுத்து எதுவானாலும் படித்த கணத்திலேயே தொலைந்துவிடும். பிறகு எந்த மாற்றும் கருவியாலும் மீட்க முடியாது. முந்தைய ஓட்டத்தில் நான் உரையை மட்டும் சேமித்திருந்ததால், அப்போது வந்த பழைய கட்டுரைகளில் அங்கங்கே பொத்தல் விழுந்திருந்தது. இப்போது மூல பைட்டுகள் இருந்ததால் டிஸ்கி என்றே எடுத்துக்கொண்டு நேராக யூனிகோடுக்கு மாற்ற முடிந்தது. டிஸ்கியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இருக்கும். கொம்பு முதலில், மெய் பிறகு. யூனிகோடில் மெய் முதலில். இந்த இடமாற்றத்தையும் மாற்றும் கருவி சரியாகச் செய்கிறதா என்று ஐம்பது கட்டுரைகளை டீச்சரின் தோழியர் இருவரும் வரி வரியாகப் படித்துப் பார்த்தார்கள்.

காலையில் கணக்குப் பார்த்தேன். 1,386-க்கு 1,379 வந்திருந்தது. விடுபட்ட 7-ல் 4 லிங்க்குகள் தளத்திலேயே உடைந்திருந்தன. 3 கட்டுரைகள் உரையாக இல்லாமல் ஸ்கேன் செய்த படங்களாக இருந்ததால் என் விதிக்குள் வரவில்லை. அவற்றைத் தனியாக எடுத்துத் தட்டச்சு செய்தோம்.

“இது இங்க முடியாது”

எண்ணிக்கை பொருந்திவிட்டது. ஆனாலும் அச்செடுத்து ஒரு கட்டு டீச்சரிடம் கொடுத்தேன், கண்ணுக்குச் சிரமமில்லாமல் பெரிய எழுத்தில். மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போனபோது ஒரு கட்டுரையைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். மாடக்குளம் கண்மாய்ப் பாசனத்தைப் பற்றியது. கடைசிப் பத்தியில் விரலை வைத்துக்கொண்டு, “இது இங்க முடியாது தம்பி” என்றார்.

எனக்கு அதில் குறையே தெரியவில்லை. பத்தி முடிந்திருந்தது, வாக்கியம் முடிந்திருந்தது. அவர் எழுந்துபோய் பீரோவிலிருந்து ஒரு பழைய பிளாஸ்டிக் பையை எடுத்துவந்தார். உள்ளே அதே கட்டுரையின் அச்சுப் பக்கங்கள், மடிப்பில் பழுத்துப்போய். அதில் இன்னும் இரண்டு பக்கம் இருந்தது: கலுங்கு பாயும் நாளில் எழுதியவருடைய அப்பத்தா கரையில் பொங்கல் வைத்தது, மடை திறக்கிற முறையை நீர்பாய்ச்சி என்ற பொறுப்பாளர் எப்படிப் பங்கிட்டார் என்பது, யார் வயலுக்கு எத்தனை நாழிகை என்பது. தொகுப்புக்கு வேண்டிய சங்கதி முழுக்க அந்த இரண்டு பக்கத்தில்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து தளத்தில் அந்தக் கட்டுரையைத் திறந்து, அடிவரை இறங்கிப் பார்த்தேன். ‘தொடர்ச்சி’ என்று ஒரு சின்ன லிங்க். அதன் முகவரி கட்டுரையின் முகவரியேதான். கடைசியில் ஒரு கேள்விக்குறியும், அதன் பின்னால் பக்கம் 2 என்ற குறிப்பும் கூடுதல். முந்தைய ஓட்டத்தில் தொல்லை கொடுத்த அச்சுப் பிரதிகளின் முகவரியிலும் அதேபோலக் கேள்விக்குறிக்குப் பின்னால்தான் அச்சு என்ற குறிப்பு இருந்தது. அவற்றை ஒழிக்க, எந்த முகவரியாக இருந்தாலும் கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிடு என்று எழுதியிருந்தேன். கட்டுரைப் பக்கத்தில் லிங்க்கைப் பின்தொடரக் கூடாது என்ற என் விதியும் சேர்ந்துகொண்டது. இரண்டும் சேர்ந்து எல்லாக் கட்டுரைகளின் தொடர்ச்சியையும் வெட்டிவிட்டன. 1,386 என்ற எண் பொருந்தியதே, அந்த எண் கட்டுரைகளைத்தான் எண்ணியது, பக்கங்களை இல்லை.

நாட்காட்டிக்குப் பயந்து ஆழ எல்லை போட்டேன். பழைய கட்டுரைகள் போயின. அச்சுப் பிரதிக்காகக் கேள்விக்குறியை வெட்டினேன், தொடர்ச்சிகள் போயின. இரண்டு தடவையும் வேண்டாததைத் தடுக்கப் போட்ட அணை வேண்டியதையும் தடுத்தது. இரண்டு தடவையும் அதைக் கண்டுபிடித்தது அந்தக் கட்டுரைகளோடு வாழ்ந்த ஒருவர். அவர் இல்லாவிட்டால் பாதிக் கட்டுரைகளோடு தொகுப்பு அச்சுக்குப் போயிருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது.

சேமித்த மூலப் பக்கங்கள் இங்கே கைகொடுத்தன. அவற்றிலேயே ‘தொடர்ச்சி’ என்ற சொல்லைத் தேடினேன். 143 கட்டுரைகளில் இருந்தது. முகவரியில் அச்சு என்ற குறிப்பை மட்டும் வெட்டு, பக்க எண்ணை விட்டுவிடு என்று திருத்தி, தொடர்ச்சிப் பக்கங்களை மட்டும் எடுத்தேன்: 190 பக்கம், 16 நிமிடம். சேர்க்கும்போது வந்த வரிசையில் ஒட்டாமல் பக்க எண்ணை வைத்து ஒட்ட வேண்டும். மூன்று பக்கக் கட்டுரையில் மூன்றாவது முதலில் வந்த உதாரணங்கள் இருந்தன. இப்போது ஒவ்வொரு கட்டுரையின் கடைசி வரியையும் தனியாக ஒரு பட்டியலாக எடுத்து, டீச்சரின் தோழியரிடம் கொடுத்தேன். முடிவு மாதிரி இல்லாதவற்றைக் குறித்துக் கொடுத்தார்கள். 9 கிடைத்தன, எல்லாம் தளத்திலேயே பாதியில் ஏற்றப்பட்டவை.

பெயரும் ஊரும்

இரண்டு சின்ன விஷயங்கள், ஆனால் விட்டுவிட முடியாதவை. 2008-க்கு முந்திய கட்டுரைப் பக்கங்களில் எழுதியவர் பெயரே இல்லை; இதழின் உள்ளடக்கத்தில்தான் தலைப்புக்குப் பக்கத்தில் இருந்தது. பெயரில்லாத கட்டுரையைத் தொகுப்பில் சேர்க்க மாட்டேன் என்று டீச்சர் உறுதியாகச் சொல்லிவிட்டார். சரியான நிலைப்பாடு. உள்ளடக்கப் பக்கத்தில் பெயரைப் பிடித்து, கட்டுரைக்குப் போகும் கோரிக்கையோடு அதையும் கையில் கொடுத்து அனுப்ப ஸ்க்ரேப்பியில் வசதி இருக்கிறது. மூலப் பக்கங்கள் இருந்ததால் அவற்றிலிருந்தே பெயரைக் கோத்துவிட்டேன்.

அடுத்தது தேடல். டீச்சரின் ஊர்ப் பட்டியலில் ஒவ்வொன்றாகத் தேடியபோது கொட்டாம்பட்டிக்கு 3 கட்டுரைகள்தான் வந்தன. அவருக்கே ஐந்தாறு நினைவிருந்தது. பார்த்தால், ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக வைக்கலாம்: ஒகரக் குறி ஒரே குறியாகவும், கொம்பும் காலும் இரண்டு குறிகளாகவும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. தேடலுக்கு வேறு வேறு. டிஸ்கியிலிருந்து மாறி வந்த கட்டுரைகளில் பிரித்து வைத்த வடிவம் இருந்தது. எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற ஒரே சீர்வடிவத்துக்கு மாற்றியதும் கொட்டாம்பட்டி 19 ஆனது. ஔகாரத்தில் குறிக்குப் பதிலாக ‘ள’ எழுத்தையே போட்ட கட்டுரைகளும் உண்டு. அதற்குச் சீர்வடிவம் உதவாது, தனியாகத் திருத்த வேண்டும். அப்புறம், ‘கண்மாய்’ என்று மட்டும் தேடக் கூடாது. பேச்சு வழக்கில் எழுதியவர்கள் ‘கம்மாய்’ என்றே எழுதியிருந்தார்கள். அவற்றில்தான் ஊர்க்காரர் வாய்மொழி அதிகம்.

மற்ற இரண்டு தளங்கள்

இரண்டாவது, வேளாண்மைத் தளம். முன்கூட்டியே அனுமதி கேட்டோம், கொடுத்தார்கள். ‘மேலும் காட்டு’ பொத்தானைத் தட்டினால்தான் அடுத்த பத்துக் கட்டுரை வரும். கருவிக்கு முதல் பத்துதான் தெரியும். பிரவுசரின் நெட்வொர்க் பலகையைத் திறந்துவைத்துப் பொத்தானைத் தட்டினால் பின்னால் எந்த முகவரியிலிருந்து பட்டியல் வருகிறது என்று தெரிந்துவிடும். அந்த முகவரியை நேராகக் கேட்டோம். ஒரு நாளில் முடிந்தது.

மூன்றாவது தளத்தின் ரோபாட்ஸ் ஃபைலில் கட்டுரைப் பகுதிக்குத் தடை இருந்தது. இரண்டு முறை கடிதம் எழுதினோம், பதில் இல்லை. எடுக்கவில்லை. அதில் வேண்டிய 12 கட்டுரைகளின் எழுத்தாளர்களையே நேரடியாகத் தேடி, 7 பேரிடமிருந்து அவர்கள் கைப்பிரதியை வாங்கினோம்.

விளைவு

ஆவணி முடிவில், கண்மாய் பற்றிய 318 கட்டுரைகள் எழுத்தாளர் பெயர், இதழ், மாதம், ஊர் என்ற குறிப்புகளோடு டீச்சரின் கையில் இருந்தன. சிற்றிதழின் முழுத் திரட்டையும், மூலப் பக்கங்களோடும் யூனிகோடுக்கு மாற்றிய பிரதிகளோடும், ஒரு பென் டிரைவில் இதழாசிரியருக்குக் கொடுத்தோம். தளத்தின் காப்புப் பிரதி அவரிடம் 2012 வரைதான் இருந்திருக்கிறது. அந்த நாட்காட்டியையும் தளத்திலிருந்து எடுத்துவிட்டார்.

அடுத்த முறை மாற்றுவது

முதலில் உரிமையாளரிடம் போவேன். அனுமதிக்கு மட்டுமில்லை, தளத்தின் படத்தை வரைந்து வாங்கவும். எடுக்கத் தொடங்குமுன் எத்தனை வர வேண்டும் என்ற எண்ணைத் தளத்தின் சொந்த உள்ளடக்கத்திலிருந்தே எடுத்து எழுதிவைப்பேன், வருடவாரியாக, இதழ்வாரியாக. முதல் ஓட்டம் ஒரே ஒரு பழைய இதழுக்கு. அதில் மிக நீளமான கட்டுரை, மிகச் சிறிய கட்டுரை, படக் கட்டுரை மூன்றையும் தளத்தோடு பக்கத்தில் வைத்து அடிவரை ஒப்பிடுவேன். ஆழ எல்லையை 20 போலப் பெரிய எண்ணாக, கருவி தறிகெட்டு ஓடினால் நிறுத்தும் காவலாக மட்டும் வைப்பேன். எந்த முகவரிகளைக் கருவி தள்ளிவிட்டது என்ற பட்டியலையும் சேமிக்கச் சொல்வேன். இந்த வேலையில் அந்தப் பட்டியலை ஒரு தடவை புரட்டியிருந்தால் ‘பக்கம் 2’ என்பது 143 தடவை கண்ணில் பட்டிருக்கும்.

சரிபார்ப்பவரின் நேரத்தையும் வேலைத் திட்டத்திலேயே சேர்ப்பேன், கூலியோடு. டீச்சரும் தோழியரும் படித்த மணிநேரத்தை நான் கணக்கில் வைக்கவே இல்லை. அது என்னுடையதைவிட அதிகம்.

உடைந்த லிங்க் 4-ல் 2 கட்டுரைகளின் அச்சிதழ் அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பழைய சந்தாதாரர் வீட்டுப் பரணில் கிடைத்தது. 2006 மார்கழி இதழும் 2007 தை இதழும் இன்னும் கிடைக்கவில்லை. டீச்சர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.